கவ்வியும் நோகாமல்

வீட்டு லாப்ரடார் நாயொன்று நம் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டுவிட்டு, பாராட்டை எதிர்நோக்கி நிற்பதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். செருப்பை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பல்தடம் இராது; எச்சில் மட்டுமே இருக்கும். முயலை விரட்டிப் பிடிக்கும் நம் சிப்பிப்பாறை நாயிடம் இந்தப் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. அது ஓட்டத்திற்காக வளர்க்கப்பட்டது. லாப்ரடாரோ, பிறர் வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்து, சிதைக்காமல் கொணர்வதற்காக வளர்க்கப்பட்டது. பசியும் வேட்டை வெறியும் கொண்ட ஒரு விலங்கு, வாய்க்குள் வந்த இறைச்சியைத் தின்னாமல் மற்றொருவர் கையில் ஒப்படைக்க எவ்வாறு கற்றுக்கொண்டது? பிரிட்டனில் நிகழ்ந்த அந்த நெடுங்கதையின் சில பகுதிகளையே இங்கே பார்க்கப் போகிறோம்.

கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் கேயஸ் 1570இல் பிரித்தானிய நாய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் நீர்நாய் வருகிறது. நம் ஆறுகளில் வாழும் நீர்நாய் அன்று. நீரில் இறங்கும் வேட்டைநாய். வீழ்ந்த வாத்துகளை மட்டுமன்றி, குறி தவறி நீரில் விழுந்த அம்புகளையும் அது மீட்டு வந்ததாம். துப்பாக்கிக்கு முன்பே இத்தொழில் இருந்தது என்பதற்கு அந்த அம்புகளே சான்று. பின்னர் 1621இல் ஜெர்வேஸ் மார்க்கம் பறவை வேட்டை பற்றி எழுதிய நூலில் நீர்நாயைப் பழக்கும் முறையையும் விளக்கினார். தொடக்கப் பாடம் ஒரு கையுறை. அதை எறிந்து எடுத்துவரச் செய்து, படிப்படியாக வேறு பொருள்களுக்கு மாறி, இறுதியில் இறந்த பறவைக்கு வர வேண்டும். நானூறு ஆண்டுகள் கடந்தும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

மாறியது துப்பாக்கி. வாய்வழியே மருந்து இட்டு இடித்த பழைய துப்பாக்கியைக் கொண்டு வேட்டையாடியவர் ஒரு நாளில் சுட்டது குறைவு. பறவை இருக்குமிடத்தைக் காட்டும் நாயே அவருக்கு முதன்மையானது. விழுந்ததைப் பல வேளைகளில் அவரே நடந்து சென்று எடுத்துக்கொள்வார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெஃபோஷேயின் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கி வைக்கப்பட்டது. அதன் பின் சில பத்தாண்டுகளுக்குள் வேட்டையின் தன்மையே வேறாகிவிட்டது. வேட்டைக்காரர் ஓரிடத்தில் நிற்பார். ஆட்கள் புதர்களைத் தட்டிப் பறவைகளை அவர் தலைக்கு மேல் பறக்கவிடுவார்கள். பறவைகள் நூற்றுக்கணக்கில் வீழ்ந்தன. புதரிலும் சேற்றிலும் விழுந்தவற்றையும், சிறகொடிந்து ஓடியவற்றையும் தேடி எடுக்க, அதற்கென்றே ஒரு நாய் தேவைப்பட்டது.

அந்த நாய் கடல் கடந்து வந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் மீனவர்கள், வலையிலும் தூண்டிலிலும் இருந்து நழுவிய மீனைப் பிடிக்கவும் கயிற்றின் முனையை நீந்தி எடுத்து வரவும் ஒரு கறுப்பு நாயை வைத்திருந்தனர். செயின்ட் ஜான்ஸ் நீர்நாய் என்பது அதன் பெயர். கருவாடாக்கிய காட் மீனோடு கப்பலேறி இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் அது வந்திறங்கியது. கர்னல் பீட்டர் ஹாக்கர் 1814இல் வெளியிட்ட வேட்டை நூலில் அதைப் புகழ்ந்தார். துறைமுகத்திற்கு அருகில் வாழ்ந்த மால்ம்ஸ்பரி பிரபுக்கள் அதை வளர்த்தனர். 1880களில் அவர்கள் ஸ்காட்லாந்தின் பக்ளூ பிரபுவுக்கு அளித்த நாய்களின் வழியில் வந்தவையே இன்றைய லாப்ரடார்கள். மூதாதை இனமோ தன் மண்ணிலேயே அழிந்துபோனது.

இனி பயிற்சிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் வேட்டைநாயைப் பயிற்றுவதற்கு ஆங்கிலேயர் வழங்கிய சொல் 'பிரேக்கிங்', அதாவது உடைத்தல். நம் உழவர் இளங்காளையை ஏருக்கு 'வசக்குவதாக'ச் சொல்வர். தம் வசத்துக்குக் கொண்டுவருதல் என்பது அதன் கருத்து. நாம் பொதுவாக வழங்கும் 'பழக்குதல்' இன்னும் நெருக்கமான சொல். பழக்குகிறவரும் அதில் பழகியாக வேண்டும். உடைத்தல் என்னும் சொல் வெறும் உருவகமாக இருக்கவில்லை. சவுக்கும், உள்ளே முட்கள் பதித்த கழுத்துப் பட்டையும் நாய்ப் பராமரிப்பாளர்களின் வழக்கமான கருவிகளாக இருந்தன.

வில்லியம் நெல்சன் ஹட்சின்சன் என்னும் படை அதிகாரி 1848இல் எழுதிய நூலும் தலைப்பில் அந்த 'உடைத்தலை'யே தாங்கியிருக்கிறது. உள்ளடக்கம் வேறு. பாடத்தை வயலில் தொடங்காதே, வீட்டில் தொடங்கு. கைச்சைகைகளையும் சீழ்க்கையையும் முதலில் விளங்கவை. சரியாகச் செய்தால் உடனே ஒரு துண்டு உணவு கொடு. எதற்காக அடிபடுகிறோம் என்று அறியாத நாயை அடிப்பதால் பயனில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு படைத்தலைவரிடமிருந்து இது வந்தது நமக்கு வியப்பளிக்கலாம்.

ஆனால் இதை இரக்கத்தின் வெற்றியாக மட்டும் எழுதிவிட முடியாது என்றே நாம் கருதுகிறோம். அடித்தால் நாய் ஓடாமல் நிற்கும், குரைக்காமல் இருக்கும். மென்மையாகக் கவ்வச் செய்வதற்கு அடி உதவாது. அஞ்சிய நாய் ஒன்று பறவையைத் தொடவே மறுக்கும், அல்லது பறித்துக்கொள்வார்களோ என்று பல்லை இறுக்கும். இந்தக் குற்றத்திற்கு 'கடின வாய்' என்று பெயர். அத்தகைய நாய் கொண்டுவரும் பறவையின் விலா எலும்புகள் நொறுங்கியிருக்கும். சமையலறைக்கு அது உதவாது. அதனால்தான் போட்டி நடுவர்கள் பறவையைக் கையில் வாங்கியதும் விரல்களால் அதன் விலாவைத் தடவிப் பார்க்கிறார்கள். கடின வாயைத் திருத்தப் பொம்மைக்குள் ஊசிகளைச் செருகி வைத்தவர்களும் உண்டு. அது பெரும்பாலும் நாய்க்கு எடுத்துவருவதிலேயே வெறுப்பை ஏற்படுத்தியது.

பொறுமையான முறையோ எளிமையானது. ஆறேழு மாதக் குட்டிக்கு முயல்தோல் சுற்றிய சிறு மூட்டையை எறிய வேண்டும். எடுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடினால் துரத்தக் கூடாது. துரத்தினால் அதற்கு அது விளையாட்டாகிவிடும். முதுகைக் காட்டி எதிர்த்திசையில் நடந்தால் தனித்துவிடப்பட்ட குட்டி தானே பின்தொடர்ந்து வரும். வாயிலிருந்து இழுத்துப் பிடுங்காமல், அது விடும்வரை கையை ஏந்தி நிற்க வேண்டும். பிறகு எறிந்ததும் பாயாமல், ஆணை வரும்வரை உட்கார்ந்திருக்கப் பழக்க வேண்டும். இதுவே மிகக் கடினமான பாடம். அதன் பின்னர்தான் உடல் குளிர்ந்த பறவை, அதற்கப்புறம் அப்போதுதான் வீழ்ந்த வெதுவெதுப்பான பறவை. உயிரோடு துடிக்கும் பறவை கடைசியில். அதை முன்னதாகவே கொடுத்தால், சிறகடிப்பை அடக்க இளநாய் வாயை இறுக்கும். இறுக்கிய வாய் பிறகு எளிதில் தளராது.

ஸ்காட்லாந்தின் கூஷகன் பண்ணையில் டட்லி மார்ச்பேங்க்ஸ் பொன்னிற ரெட்ரீவர் இனத்தை உருவாக்கினார். அவர் ரஷ்ய சர்க்கஸ் நாய்க் கூட்டத்தை விலைக்கு வாங்கியதாகப் பல பத்தாண்டுகள் ஒரு கதை உலவியது. 1952இல் அவருடைய வளர்ப்புப் பதிவேடு வெளியானதும் அந்தக் கதை கலைந்தது. நூஸ் என்னும் மஞ்சள் ரெட்ரீவருக்கும் பெல் என்னும் ட்வீட் நீர் ஸ்பானியலுக்கும் 1868இல் பிறந்த குட்டிகளிலிருந்து இனம் தொடங்கியது என்பதை அந்தப் பதிவேடு காட்டியது. நாய்களின் பெயர்களை இவ்வளவு அக்கறையோடு எழுதிவைத்த அந்தக் காலம், அவற்றை விடியற்காலை ஈரத்தில் நின்று பழக்கிய பணியாட்கள் பெரும்பாலோரின் பெயர்களை வரலாற்றுக்கு விட்டுவைக்கவில்லை. எழுதியவர்கள் கர்னல்களும் பிரபுக்களும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை பொறுமையும் எதற்குப் பயன்பட்டது? 1913 டிசம்பர் 18 அன்று பக்கிங்ஹாம்ஷயரின் ஹால் பார்ன் பண்ணையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உள்ளிட்ட ஏழு பேர் ஒரே நாளில் 3,937 ஃபெசண்ட் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். சற்று வரம்பு மீறிவிட்டோம் என்று திரும்பும் வழியில் மன்னர் சொன்னதாக, உடன் சென்ற அவர் மகன், பின்னாளில் வின்ட்சர் பிரபுவாகிய எட்வர்ட், 1951இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அத்தகைய நாளில் விழுந்த பறவைகளைச் சேகரிப்பதுதான் நாய்களின் வேலை. ஒவ்வொன்றாக, விலா முறியாமல்.