நிலத்தை மீட்ட இளைஞர் படை

மனிதன் மண்ணைப் பாழ்படுத்தினால் மண்ணும் மனிதனைக் கைவிடும். இவ்வுண்மையை அமெரிக்க மக்கள் 1930ஆம் ஆண்டுகளில் பெருந்துன்பத்தின் வாயிலாகக் கற்றுக்கொண்டனர். அந்நாட்டின் காடுகள் வரைமுறையின்றி வெட்டப்பட்டிருந்தன. நடுப்பகுதியில் பரந்து கிடந்த புல்வெளிகள் உழுது புரட்டப்பட்டிருந்தன. மழை பொய்த்தபோது, வேர்களின் பிடிப்பை இழந்த மேல்மண் புழுதிப் புயலாய் எழுந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்புழுதி கிழக்குக் கரை நகரங்களின் வானையும் மறைத்தது.

இத்துயரோடு, 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. ஆலைகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கான இளைஞர்கள் வேலையின்றித் தெருவில் நின்றனர். அம்மந்தத்தின் அலை மலாயாவையும் தாக்கியது. ரப்பர் விலை வீழ்ந்ததால், தோட்டங்களில் உழைத்த பல்லாயிரம் தமிழர் அந்நாளில் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டதை நம் வரலாறு கூறும்.

பாழ்பட்ட நிலம் ஒருபுறம். வேலையற்ற இளைஞர் மறுபுறம். இவ்விரு கேடுகளுக்கும் ஒரே மருந்தைக் கண்டார் 1933ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அதிபர் பொறுப்பேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அம்மாத இறுதியிலேயே அதற்கான சட்டத்தில் அவர் கையொப்பமிட்டார். குடிமக்கள் இயற்கைப் பாதுகாப்புப் படை இவ்வாறு பிறந்தது. ஏப்ரல் 17ஆம் நாள் வர்ஜீனியா மாநிலக் காடொன்றில் முதல் முகாம் எழுந்தது. ஜூலைத் தொடக்கத்திற்குள் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்துவிட்டனர்.

தொடக்கத்தில் 18 முதல் 25 வயது வரையிலான, மணமாகாத ஏழை இளைஞரே பெரும்பாலும் சேர்க்கப்பட்டனர். உணவும் உடையும் உறைவிடமும் அரசு தந்தது. மாதச் சம்பளம் 30 அமெரிக்க வெள்ளி. அதில் 25 வெள்ளி வீட்டிற்கு அனுப்பப்பட்டது. மகன் காட்டில் மரம் நட, ஊரில் தாயின் அடுப்பு எரிந்தது. பகலில் மண்வெட்டி பிடித்த கை மாலையில் எழுதுகோல் பிடித்தது. முகாம் வகுப்புகளில் எழுத்தறிவு பெற்றோர் 40,000க்கும் மேற்பட்டோர் என்பது ஆசிரியர் உலகம் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

1942இல் படை கலைக்கப்படும் வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அதில் பணியாற்றினர். அவர்கள் நட்ட மரங்கள் ஏறத்தாழ 300 கோடி. 800க்கும் மேற்பட்ட பூங்காக்கள் அவர்தம் உழைப்பால் உருப்பெற்றன. மண்ணரிப்பைத் தடுத்தனர், காட்டுத் தீயை அணைத்தனர்.

எனினும், வரலாறு புகழ்மாலை மட்டும் தொடுப்பதன்று. குறைகளையும் அது மறைத்தல் ஆகாது. நிறத்தாலும் இனத்தாலும் வேற்றுமை பாராட்டலாகாது எனச் சட்டமே கூறியிருந்தும், கறுப்பின இளைஞர்கள் தனி முகாம்களில் ஒதுக்கப்பட்டனர். பெண்களுக்குப் படையில் இடமே இல்லை. நிலத்திற்குச் செய்த பணியிலும் பிழைகள் நேர்ந்தன. சில இடங்களில், பறவைகளின் உறைவிடமாகிய சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன. மண்ணைக் காக்கவென்று தென்மாநிலங்களில் நடப்பட்ட குட்சு எனும் கிழக்காசியக் கொடி, பின்னர் மரங்களையே மூடி அழிக்கும் களையாகப் பரவியது. நல்லெண்ணமும் கடின உழைப்பும் மட்டும் போதா. நிலத்தைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பதற்கு இவையே சான்று.

அவ்வறிவும் உழைப்பும் கைகோத்த இடம் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரமாகும். அங்குள்ள பல்கலைக்கழகம் 1934இல் ஓர் இயற்கைப் பூங்காவைத் திறந்து வைத்தது. வெறும் அழகுத் தோட்டம் அமைப்பது அன்று, குடியேறிகள் வருமுன் அந்நிலம் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதன் ஒரு பகுதியை மீண்டும் உருவாக்குவதே நோக்கம் என்று பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் தொடக்க விழாவில் எடுத்துரைத்தார். 1935இல் அங்கு இளைஞர் படையின் முகாம் அமைந்தது. அறிஞர் தியோடோர் ஸ்பெரியின் மேற்பார்வையில், பழைய புல்வெளிகளில் எஞ்சியிருந்த புற்களையும் பூச்செடிகளையும் வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கொணர்ந்து, உழுது தேய்ந்த பழைய வயலில் இளைஞர்கள் நட்டனர். ஒருகாலத்தில் மனிதன் ஏரால் அழித்ததை அவர்கள் மண்வெட்டியால் மீட்கத் துணிந்தனர்.

ஆயினும் நட்டதோடு பணி முடியவில்லை. அயல்நாட்டுப் புல் இடையே புகுந்து நெருக்கியது. 1940ஆம் ஆண்டுகளில் ஜான் கர்ட்டிஸ் முதலிய அறிஞர்கள், கட்டுப்படுத்திய தீயை மூட்டி ஆய்ந்தனர். அயற்புல் தளர்ந்தது; ஆழ வேரூன்றிய சொந்தப் புல் மீண்டும் தழைத்தது! முற்காலத்தில் அந்நிலத்தின் பழங்குடியினர் புல்வெளிக்குத் தீயிட்டு வந்ததன் பயனை அறிவியல் காலந்தாழ்ந்தே உணர்ந்தது. காட்டிற்குப் பகையாகிய தீ புல்வெளிக்கு நட்பாயிற்று. ஒரு நிலத்தின் இயல்பை இன்னொரு நிலத்தின் மீது ஏற்றிக் காண்பது தவறு என்பதும் அன்று விளங்கிற்று.

அப்புல்வெளி இன்றும் கர்ட்டிஸ் புல்வெளி என்னும் பெயருடன் வாழ்கிறது. நிலத்தைப் பழைய நிலைக்கு மீட்கும் துறைக்கு அது முன்னோடி என அறிஞர் போற்றுவர். அறிஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. குனிந்து நட்ட ஏழை இளைஞரின் பெயர்களோ அங்கு விளங்கவில்லை. அவர்தம் கைகள் இன்றி அப்புல்வெளி இல்லை. அறிஞரின் ஆய்வின்றி அது நிலைத்திருக்கவும் இயலாது. இளைஞரிடம் மண்வெட்டியைக் கொடுக்கும் சமுதாயம், அதனுடன் நிலத்தைக் கற்கும் அறிவையும் கொடுத்தல் வேண்டும். அப்போதுதான் தொண்டு பயன் தரும், நிலமும் பிழைக்கும்.