காகம் எடுத்தால் நிம்மதி

மலேசியாவின் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் கருமாதிப் படையலில் சோறு, குழம்போடு செத்தவருக்குப் பிடித்த சுருட்டோ கள்ளோ இருக்கும். காகம் கொத்தினால் வீட்டுக்கு நிம்மதி. வராவிட்டால் கெஞ்சல்தான்: “பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன், வந்து சாப்பிடுங்க.”

தோட்டத் தமிழர்களைப் போல அந்தக் காகமும் வந்தேறிதான்! 1890களில் காப்பிப் பயிரைத் தின்ற புழுக்களை ஒழிக்க, சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட இனம்.

ஆனால், படையல் போடவே தயங்கிய வீடுகளும் உண்டு. 1942-43இல் ஜப்பானியர், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போடத் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. உடல் இல்லை, சாம்பல் இல்லை, திதி தெரியாது. நாள் தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் படைக்க வழியுண்டு. ஆனால், படைத்தால் அவர் செத்துவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டுமே! தாலியைக் கழற்றாத பெண்ணுக்கு அந்த இலையைப் போடுவது எளிதா?