முதலமடை மாங்காயும் ஸ்வீடன் மாங்கோவும்

எங்க ஊர் முதலமடை. பாலக்காடு மாவட்டம், ஆனைமலைத் தொடரின் அடிவாரம். பொள்ளாச்சி பக்கம்தான். 1956-ல் மாநிலம் பிரித்தபோது கேரளத்துக்குள் வந்த ஊர். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். மற்ற ஊர்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே, ஜனவரி, பிப்ரவரியில் இங்கே அறுவடை தொடங்கிவிடும். டெல்லி, மும்பை வரைக்கும் லோடு போகும்.

அந்த ஊர்க்காரனுக்கு ஒரு தொல்லை உண்டு. தமிழில் மாவடு, மாங்காய், மாம்பழம் என்று பருவத்துக்கு ஒரு பேர். மலையாளத்தில் 'மாம்பழம்' உண்டு என்றாலும் 'மாங்ங' என்பதே பொதுப்பேர். பச்சை மாங்ங, பழுத்த மாங்ங என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அது 'பழுத்த காய்'! இந்தப் பழக்கத்தோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் 'மலையாளத் தமிழ்' என்று சிரிப்பார்கள். அந்தப் பக்கம் போனால் 'பாண்டி' என்பார்கள். ஆக, ரெண்டு பக்கமும் நம்ம பேச்சு தப்பு. உண்மையில் எதுவும் தப்பில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

'மா' என்பது மரம். மா + காய் = மாங்காய். மலையாளத்தில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் பல சொற்களில் அந்த மெல்லினமாகவே மாறிவிட்டது. தேங்காய் தேங்ங ஆனது, கஞ்சி கஞ்ஞி, மஞ்சள் மஞ்ஞள், மாங்காய் மாங்ங. 'காய்' உருத்தெரியாமல் கரைந்ததும், 'பழுக்காதது' என்ற பொருளும் கூடவே போய்விட்டது. கன்னடத்தில் மாவின காயி, மாவின ஹண்ணு. தெலுங்கில் மாமிடிகாய, மாமிடிபண்டு. அங்கெல்லாம் காய், பழம் வித்தியாசம் நிலைத்துவிட்டது.

இந்தச் சொல்தான் கப்பல் ஏறியது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். போர்த்துகீசியர் வாயில் அது 'மாங்கா'. நேராக மலையாளக் கரையில் எடுத்தார்களா, மலாய் மொழியின் 'மங்கா' வழியாகவா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. எப்படி வந்தாலும் வேர் நம்ம மாங்காய்தான். ஆங்கிலத்தில் அது 'மாங்கோ' ஆனது.

அடுத்ததுதான் வேடிக்கை. பழம் அந்தக் காலக் கப்பல் பயணத்தைத் தாங்காது. இங்கிலாந்துக்குப் போனது பெரும்பாலும் ஊறுகாய். அதனால் அங்கே 'மாங்கோ' என்றால் ஊறுகாய் என்றும் ஒரு பொருள் வந்தது. வெள்ளரிக்காயை, முலாம்பழத்தை 'மாங்கோ செய்வது' எப்படி என்று பழைய சமையல் புத்தகங்கள் சொல்லும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிகளில் குடைமிளகாய்க்கே 'மாங்கோ' என்று பேர் இருந்தது. தொலைந்த 'காய்' ஊறுகாயாகத் திரும்பி வந்த மாதிரி!

இப்போ நான் இருக்கும் ஸ்வீடனுக்கு வருவோம். 1753-ல் உப்சாலா பேராசிரியர் லின்னேயஸ் இந்த மரத்துக்கு வைத்த பேர் 'மாங்கிஃபெரா இண்டிகா'. லத்தீனில் 'மாங்கா தரும் இந்திய மரம்'. அவர் இந்தியா பக்கமே வந்ததில்லை. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஃபின்னிஷ் எல்லாவற்றிலும் 'மாங்கோ'தான். ஐஸ்லாந்தில் கடைசி எழுத்து கொஞ்சம் நீளும். பன்மை மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: டேனிஷில் மாங்கோஎர், ஃபின்னிஷில் மாங்கோத். காய்க்குத் தனிச் சொல் கிடையாது. சாம்பாரில் போடக் காய் வேணும் என்றால் ஸ்வீடிஷில் 'பழுக்காத மாங்கோ' என்று கேட்கணும். அதாவது, 'பழுக்காத மாங்காய்'! எங்க ஊர் 'பழுத்த மாங்ங'வுக்குச் சிரித்தவர்கள் இதற்கும் கொஞ்சம் சிரிக்கலாம்.

இங்கே வளரும் நம்ம பிள்ளைகள் 'மாங்கோ' ஆங்கிலச் சொல் என்றே நினைக்கிறார்கள். 'தமிழில் சொல்லு' என்று அதட்ட வேண்டாம். அது உன் பாட்டி சொல்தான், ஊர் சுற்றி வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படியே வடு, காய், பழம் வித்தியாசத்தையும் சொல்லிக் கொடுங்கள். 'மாங்கோ' என்ற சொல் பிழைத்துக்கொள்ளும், அதற்கு உலகமே துணை. வடுவுக்கும் காய்க்கும் பழத்துக்கும் தனித்தனிப் பேர் இருப்பதை வீட்டில் நாம் சொன்னால்தான் உண்டு.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் 'கறுத்தக்கொழும்பான்' என்றால் உடனே நாக்கு ஊறுவார்கள். உங்க வீட்டில் என்னென்ன பேர் சொல்வீர்கள்?