ஆலைச் சங்கின் எல்லைக்குள்: புளியந்தோப்பு, பெரம்பூர் தொழிலாளர் குடியிருப்புகளின் வரலாறு

பேசின் பாலத்துக்கு மேற்கே தொடங்கி, ஓட்டேரி நல்லா என்னும் ஓடையின் இரு கரைகளிலும் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர், வியாசர்பாடி எனப் பரவிக் கிடக்கும் வட சென்னைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தோப்புகளும் வயல்களும் சிப்பாய்க் குடியிருப்புகளும் கொண்ட புறநகராகவே இருந்தது. பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் அது நகரத்தின் மிக நெருக்கமான தொழிலாளர் வாழிடமாக மாறியது. நெருக்கத்தைக் குடியேறியவர்களின் அறியாமை என்றும் ஒழுங்கின்மை என்றும் விளக்கும் வழக்கம் அன்றைய நகராட்சி அறிக்கைகளில் தொடங்கி இன்றைய செய்தித்தாள்கள் வரை நீடிக்கிறது. இந்தப் பகுதியின் வரலாற்றைச் சற்று உற்று நோக்கினால் அந்த விளக்கம் நிற்காது. நெருக்கம் ஒரு கணக்கிலிருந்து பிறந்தது. அந்தக் கணக்கில் ஆலைக்கும் நில உடைமையாளருக்கும் மிச்சமான செலவைக் குடியிருந்தவர்கள் தங்கள் உடலால் சுமந்தார்கள்.

மாற்றத்தின் முதல் காரணம் இரயில். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதையைத் திறந்த மெட்ராஸ் இரயில்வே நிறுவனம், அதே காலத்தில் பெரம்பூரில் தன் பட்டறைகளை நிறுவியது. கொல்லர், தச்சர், கொதிகலன் வேலையாட்கள், எடுபிடிகள் ஆகியோரோடு ஓட்டுநர்களும் மேற்பார்வையாளர்களுமாக ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. இரண்டாவது காரணம் பஞ்சாலை. பின்னி நிறுவனம் 1876இல் பக்கிங்ஹாம் ஆலையையும் 1880களின் தொடக்கத்தில் அதன் அருகிலேயே கர்நாடிக் ஆலையையும் தொடங்கியது. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்து, பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகள் என்ற பெயரில் காக்கித் துணிக்குப் பேர்பெற்றன. சற்றுத் தெற்கே சூளை ஆலை இருந்தது. கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் அருகில் கிடைக்காத மலிவான நிலம், இருப்புப்பாதை, துறைமுகத்துக்கு எளிய வழி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருந்ததே ஆலைகள் இங்கு அமைந்ததற்குக் காரணம்.

ஆள்களுக்கும் குறைவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களின் கூலி உழவர்களைப் பட்டணத்தை நோக்கித் துரத்தியது. பஞ்ச நிவாரண வேலையாக நகருக்குள் வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதியில் மண் சுமந்தவர்களில் பலர், வேலை முடிந்த பின்னரும் திரும்பிச் செல்ல நிலமோ வீடோ இல்லாதவர்கள். அந்தக் கால்வாயும் ஆலைகளில் ஒன்றும் அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரையே தாங்கி நின்றன. ஊரில் பண்ணையடிமைகளாக இருந்த பறையர் சமூகத்தவருக்கு ஆலைக்கூலி, குறைவானதே எனினும், காசாகக் கைக்கு வரும் கூலி. ஆண்டையின் களத்தில் அளக்கப்படும் தானியம் அன்று. இந்த ஒரு வேறுபாடு எத்தனை குடும்பங்களைப் பெரம்பூருக்கு அழைத்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் இப்பகுதியின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதே மையமான கேள்வி. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்துக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என வரம்பு கட்டியது என்பதிலிருந்தே அதற்கு முன்பிருந்த நிலையை ஊகிக்கலாம். பொழுது விடியுமுன் ஊதும் சங்குக்கு, அதாவது ஆலையின் நீராவி ஊதலுக்கு, எழுந்து வாயில் அடைபடுமுன் உள்ளே நுழைந்தாக வேண்டியவர், அந்தச் சங்கு காதில் விழும் தொலைவுக்குள்தான் குடியிருக்க முடியும். ஊர்தி ஏதுமில்லாத காலத்தில் வேலையிடத்துக்கு நடந்து செல்லும் தூரமே குடியிருப்பின் எல்லையாயிற்று. ஆலைகள் பெருகப் பெருக ஆள்கள் பெருகினர். எல்லை மட்டும் விரியவில்லை.

அந்த எல்லைக்குள் இருந்த நிலம் தோட்டக்காரர்கள், கோயில்கள், வணிகர்கள் ஆகியோரிடம் இருந்தது. அவர்கள் வீடு கட்டி வாடகைக்கு விடுவதைவிட வெறும் மண்ணை வாடகைக்கு விடுவதையே இலாபமாகக் கண்டனர். தரை வாடகை எனப்பட்ட இந்த முறையில், குடிசைக்குரிய இடத்துக்கு மட்டும் மாதந்தோறும் பணம் செலுத்தப்பட்டது. சுவர் எழுப்புவதும் ஓலை வேய்வதும் மழைக்காலத்துக்கு முன் அதைப் புதுப்பிப்பதும் தீப்பிடித்தால் மீண்டும் கட்டுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. வடிகாலோ குழாயோ கழிப்பிடமோ அமைக்கும் கடமை நில உடைமையாளருக்கு நடைமுறையில் இருக்கவில்லை. நிலத்தின் விலை ஏறியதும் வாடகையை உயர்த்துவார் அல்லது காலி செய்யச் சொல்வார். இந்தப் பூசல் நகரமெங்கும் முற்றிய பிறகு, 1922இல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நியாயமான வாடகை கொடுக்கும்வரை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பியவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதே அதன் நோக்கம். கட்டடத்துக்கும் நட்ட மரத்துக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையையும், நிலத்தையே விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தை வேண்டும் உரிமையையும் அது வழங்கியது. ஏட்டில் இது பெரிய உரிமை. ஆனால் வழக்கு நடத்தவும் நிலத்தின் விலையைக் கட்டவும் பணம் இருந்தவர்களுக்கே அது முழுமையாகப் பயன்பட்டிருக்க முடியும். ஓலைக்குடிசைக்காரர் இழப்பீடாகக் கேட்பதற்கு மூங்கிலும் கீற்றும்தான் இருந்தன.

ஆலை நிர்வாகம் தன் பங்குக்குச் சில தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டி, அவற்றை வரும் விருந்தினருக்குப் பெருமையோடு காட்டியது, பள்ளியும் நடத்தியது. அங்கே தெருக்கள் நேராக இருந்தன, வீடுகளுக்குத் திண்ணையும் முற்றமும் இருந்தன. ஆனால் மொத்தத் தொழிலாளரில் மிகச் சிறிய பங்கினரே அவற்றில் இடம் பெற்றனர். மேலும், வேலையை இழந்தவர் வீட்டையும் இழப்பார் என்ற நிலை, வேலைநிறுத்தக் காலத்தில் அந்த நல்ல வீட்டையே கழுத்துக் கயிறாக மாற்றியது.

சற்று வருவாய் உயர்ந்தவர்கள், குறிப்பாக இரயில்வே எழுத்தர்கள், மேஸ்திரிகள், கடைக்காரர்கள் ஆகியோர் ஓட்டு வீடுகளுக்கு நகர்ந்தனர். மேஸ்திரி என்பவர் ஆள் சேர்ப்பவரும் வேலையைக் கண்காணிப்பவரும் ஆவார். பல இடங்களில் கடன் கொடுப்பவரும் அவரே. அந்த ஓட்டு வீடுகளிலும் தனிக்குடித்தனம் அரிது. ஒரே வாசலுக்குள் நான்கைந்து முதல் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வரை அறைக்கொன்றாக வாழும் ஒண்டுக்குடித்தனமே வழக்கம். நீண்ட நடையின் இருபுறமும் அறைகள், நடுவே முற்றம், முற்றத்தில் கிணறு அல்லது ஒரே குழாய், கடைசியில் ஒரே கழிப்பிடம் என்பது அதன் அமைப்பு. அறையின் ஒரு மூலை அடுக்களையாகவும் மறுமூலை படுக்கையாகவும் இருக்க, ஆண்கள் கோடை இரவுகளில் நடையிலோ தெருவிலோ கயிற்றுக் கட்டில் விரித்தனர். வாசல் தெளித்துக் கோலமிடுவதும் நடையைக் கழுவுவதும் குடும்பத்துக்கு ஒருநாளாகச் சுற்றிவரும். இதற்கு முறைவாசல் என்று பெயர். முறை தவறினால் எழும் சண்டையும், பிள்ளைப்பேற்றிலோ சாவிலோ அதே பெண்கள் அடுத்த அறையின் அடுப்பையும் சேர்த்து மூட்டுவதும் ஒரே வாழ்க்கையின் இரு பகுதிகள். வீட்டுக்காரர் விதிக்கும் விளக்கணைப்பு நேரமும் தண்ணீர்க் கணக்கும் ஆலையின் கட்டுப்பாட்டை வீடு வரை நீட்டின.

ஆலைத் தொழிலாளரின் துயரத்தை வெளி உலகுக்குக் கொண்டுசென்றது பெரிய கோரிக்கை ஒன்றன்று, நண்பகல் உணவு. வேலை நடுவே கிடைத்த அரைமணி நேர இடைவேளையில், பல்லாயிரவர் ஒரே வாயிலை நோக்கி நெருக்கியடித்து வந்து, வீட்டார் கொண்டுவந்த தூக்குகளில் தமக்குரியதைத் தேடியெடுத்து, கைகழுவ இடம்பிடித்து, உட்கார்ந்து உண்டு, சங்கு ஊதுமுன் இயந்திரத்தருகே நிற்க வேண்டியிருந்தது. உண்ணாமலே திரும்பியவர் உண்டு. ஓடித் திரும்பியும் பிந்தியவருக்கு அபராதம் உண்டு. தொழிலாளரோடு அன்றாடப் பழக்கம் கொண்ட சிறு வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும், வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற தங்கள் சமயச் சொற்பொழிவு மன்றத்தில் கேட்ட இத்தகைய முறையீடுகளே, அன்னி பெசன்டின் உடனுழைப்பாளராக இருந்த பி. பி. வாடியாவையும் தேசபக்தன் இதழின் ஆசிரியர் திரு. வி. கலியாணசுந்தரனாரையும் பெரம்பூருக்கு வரவழைத்தன. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாகப் பலரும் அதையே கருதுகின்றனர். அது மாநாட்டு மண்டபத்தில் தோன்றவில்லை, சமயச் சொற்பொழிவு நிகழும் சபையிலிருந்து தோன்றியது என்பது கருதத்தக்கது. ஒருவரையொருவர் அறிந்த தெருக்களின் நெருக்கம் இல்லாவிடில் அத்தனை விரைவில் அத்தனை பேர் கூடியிருக்க மாட்டார்கள்.

நிர்வாகம் சங்கத்தை ஏற்கவில்லை. 1920 டிசம்பரில், வேலைநிறுத்தத்தின்போது, காவல்துறை சுட்டதில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. வேலைநிறுத்தத்தை ஒழுங்குசெய்வதே வழக்குக்குரிய குற்றமாகிவிட்ட இந்நிலைதான், தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலை நாடெங்கும் வலுப்படுத்தி, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது.

1921 இப்பகுதியின் வரலாற்றில் மிகக் கசப்பான ஆண்டு. அவ்வாண்டு நடுவில் தொடங்கி மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெருமளவில் கலந்துகொள்ள, ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர், எம். சி. இராஜா போன்ற தலைவர்களின் அறிவுரையின்படி, வேலைக்குச் சென்றனர். முந்தைய நிறுத்தத்தில் பட்ட கடன் தீராத நிலையில், கடை வைத்திருக்கும் உறவினரோ ஊரில் காணியோ இல்லாதவர்களுக்கு இன்னொரு நிறுத்தம் நேர்ப் பட்டினி என்பதே அவர்கள் பக்கத்து நியாயம். நிர்வாகமும் அரசும் இந்தப் பிளவைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தின. தெருக்கள் முன்பே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சேரி எனப்பட்ட ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் மற்றத் தெருக்களுக்கும் இடையே சில அடி அகலச் சந்துதான் எல்லை. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் தீக்கிரையாயின. அடுத்த மாதங்களில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்து, இருபுறமும் உயிர்கள் பலியாயின. இதற்கு ஆதிதிராவிடரையும் அவர்களுக்குச் சலுகை காட்டியதாக அரசையும் பொறுப்பாக்கி நீதிக்கட்சித் தலைவர்கள் பேசியதன் விளைவுகளில் ஒன்றாக, 1923இல் எம். சி. இராஜா அக்கட்சியை விட்டு வெளியேறினார். ஒரே ஆலையில், ஒரே சங்குக்கு எழுந்தவர்கள் ஒருவர் குடிசையை ஒருவர் கொளுத்தினர் என்பதைத் தொழிலாளர் இயக்க வரலாறுகள் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடுவது நேர்மையாகாது. வர்க்க ஒற்றுமை சாதித் தெருவின் முனையில் நின்றுவிட்டது. அந்தத் தோல்வியும் சங்கத்தின் சாதனைகளோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

எனினும் இப்பகுதி துயரத்தின் களமாக மட்டும் இருந்ததில்லை. அயோத்திதாசரின் வழியில் பௌத்தம் தழுவியோரின் சங்கம் பெரம்பூரில் இயங்கியது. லூர்து மாதா கோயிலின் திருவிழாவும், ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்தலும், மசூதிகளின் நோன்புக் கஞ்சியும் ஒரே குடியிருப்பின் ஆண்டுக் கணக்கில் அடங்கின. ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ எனப்பட்ட விளையாட்டு, பரம்பரை என்ற பயிற்சிக் குழுக்களாக வட சென்னையில் வேரூன்றியதும், கால்பந்தும் கேரமும் இங்கே தெருவிளையாட்டாகவே ஆனதும், சாவு வீட்டு இரவுகளில் கானாப் பாட்டு வளர்ந்ததும், வீட்டுக்குள் இடமில்லாத மக்கள் தெருவையே பொது அறையாக்கியதன் பயன்கள்.

விடுதலைக்குப் பின் 1955இல் திறக்கப்பட்ட இரயில் பெட்டித் தொழிற்சாலை மீண்டும் ஆள்களை ஈர்த்தது. குடிசைகள் நல்லாவின் கரை வரை இறங்கின. ஆண்டுதோறும் கோடையில் தீயும் ஐப்பசியில் வெள்ளமும் வந்தன. 1970இல் தமிழ்நாடு அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்து, 1971இல் அதற்கான சட்டத்தை இயற்றியது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டுவது என்பது அதன் தொடக்ககாலக் கொள்கை. புளியந்தோப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் எழுந்த அந்த வீடுகள் சிறியவை. பராமரிப்பின்றி விரைவில் காரை பெயர்ந்தவை. ஆனால் வேலையும் பள்ளியும் உறவும் ஆடுதொட்டியும், அதாவது இறைச்சிக்கூடமும் அதைச் சார்ந்த பிழைப்பும், நடை தூரத்திலேயே இருக்க இடமளித்தவை. பிற்காலத்தில் வாரியம் அக்கொள்கையிலிருந்து விலகி, 2000 முதல் நகரின் தென்கோடியில் கண்ணகி நகரையும் பின்னர்ப் பெரும்பாக்கத்தையும் உருவாக்கியபோது, கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் இழந்தது முதன்மையாக அந்த நடை தூரத்தைத்தான்.

பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. நிலுவைத் தொகைக்காக அலைந்தவர்களின் பிள்ளைகள் துறைமுகச் சுமைவேலைக்கும் ஆட்டோவுக்கும் வீட்டுவேலைக்கும் சென்றனர். ஆலை நின்ற நிலத்தில் இப்போது உயர்ந்த அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. சுவருக்கு இப்பக்கம், தரை வாடகை கொடுத்துத் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் சந்ததியில் கணிசமானோர் பட்டா இன்றியே இருக்கின்றனர். இப்பகுதியின் மறுசீரமைப்புக்குத் திட்டமிடும் எந்த அரசும் முதலில் செய்ய வேண்டியது, அந்தக் குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே, அவர்கள் பெயரிலேயே நிலவுரிமையை எழுதிக் கொடுப்பதாகும்.