பால்மரமும் பங்கீட்டுப் பிணைப்பும்

1877இல் பேராக்கின் கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் தோட்டங்களில் உழைத்த தமிழர், அம்மரம் சுரந்த வெண்ணீரைப் ‘பால்’ என்றனர். மரம் ‘பால்மரம்’ ஆயிற்று. கண்டதற்குப் பெயரிட அவர்கள் எந்நூலையும் நாடவில்லை.

அப்பாலை உறையவைத்துப் பெறும் ரப்பர் வெப்பத்தில் இளகும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தினார். காரணம் அன்று விளங்கவில்லை. 1916இல் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பங்கிட்டுக்கொள்வதால் பிணைப்பு உண்டாகும் என விளக்கினார். கந்தக அணுக்கள் ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே அத்தகைய பிணைப்புகளால் பாலமிடுகின்றன; சங்கிலிகள் நழுவுவதில்லை.

இதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சகப்பிணைப்பு’ என்கின்றன. இலங்கை நூல்கள் ‘பங்கீட்டு வலுப்பிணைப்பு’ என்கின்றன. முன்னது கூடியிருத்தலை உணர்த்தும். பின்னது கூடுதற்குரிய காரணத்தையும் உணர்த்தும். ஆதலின் பின்னதையே யாம் பரிந்துரைப்போம்.

நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இப்பாடத்தைப் பிறமொழியில் பயில்கின்றனர். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. ‘பால்வெட்டு’ என்னும் சொல்லும் அவர்களுக்கு அயலாகி வருகிறது. எனவே ஈப்போத் தமிழாசிரியர் ஒருமுறையேனும் பால்மரத்தில் தொடங்கிப் பங்கீட்டுப் பிணைப்பில் முடிப்பாராக. பாட்டனார் வெட்டிய பாலும் பெயரர் படிக்கும் அணுவும் ஒரே மொழியில் சந்திக்கட்டும்.