சொல்லில் கட்டிய பெருவழி



கணினி விற்பவர்கள் "இதோ வருகிறது புது யுகம்" என்று சொன்னால், "எப்போ வரும்? யாருக்கு வரும்?" என்று கேட்கிறோமா? கேட்காமல் போனதன் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது.

1996-ஆம் ஆண்டு அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் 'மல்டிமீடியா சூப்பர் காரிடோர்' திட்டத்தை அறிவித்தார். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் முதல் சிப்பாங் விமான நிலையம் வரை, 15 கிலோமீட்டர் அகலம், 50 கிலோமீட்டர் நீளம். பில் கேட்ஸ் போன்றோர் ஆலோசனைக் குழுவில் அமர்ந்தனர். பேரைக் கேட்டு வாய் பிளந்தவர்கள் ஏராளம். அர்த்தம் சொன்னவர்கள்தான் குறைவு!

அந்த வரைபடத்துக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? தோட்டக்காடு. புத்ராஜெயா எழுந்த இடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய வெள்ளைக்கார வீரர்கள் திறந்த தோட்டம் என்பதால் மலாயில் 'பெரும் போர்' என்று பேர். பால் வெட்டிய நம் மூத்தோருக்கு 'பி.பி. 86' மரம் நினைவிருக்கும். அந்தப் 'பி.பி.' இந்தத் தோட்டத்தின் பேர்தான். அங்கேயும் கெலவே, செட்ஜிலி, மேடிங்லி தோட்டங்களிலும் விடிகாலையில் பிரட்டுக்கு நின்ற சனங்கள், டிங்கில் தாமான் பெர்மாத்தா மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். சுவரில் விரிசல் விட்டது. தரைவீடு தருவதாகச் சொன்னார்களே என்று அந்தக் குடும்பங்கள் நெடுங்காலம் கேட்டு வந்தன.

இதையும் பாருங்கள். அங்கே வரும் கம்பெனிகளுக்கு அரசாங்கம் பத்து வாக்குறுதி கொடுத்தது: வரிச் சலுகை, வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ள அனுமதி, இணையத்துக்குத் தணிக்கையில்லை... எல்லாம் எழுத்தில், 'உத்தரவாதப் பட்டியல்' என்ற தலைப்போடு. கம்பெனிக்காரன் கேட்டு வாங்கிக்கொண்டான். நம்ம ஆளுங்களுக்கு வாய்ச்சொல்.

பள்ளிக்கூடச் சேதி என்ன? 2010-க்குள் நாட்டின் பத்தாயிரம் பள்ளிகளும் 'விவேகப் பள்ளி' ஆகும் என்றார்கள். 1999-இல் 87 பள்ளிகளில் சோதனை தொடங்கியது. ஆண்டு 2010 வந்தது, போனது. பிறகு 2011-இல் 'ஒன் பெஸ்தாரிநெட்'. அதன் கற்றல் தளத்தை மிகக் குறைவானவர்களே பயன்படுத்தினர் எனத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சொன்னது. 2019-இல் அதுவும் முடிந்தது. மறு ஆண்டு பெருந்தொற்றில் பள்ளி மூடியபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளை நாம் பார்க்கவில்லையா?

எல்லாமே வெற்றுப் பேச்சு என்று சொன்னால் அது அநியாயம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் மைகார்டு அதே திட்டத்தின் பிள்ளை; 2001-இல் வந்தது. அதற்கு 'இன்ன அட்டை, இன்ன வேலை' என்ற கணக்கு இருந்தது.

2022-இல் திட்டத்தின் பேரே 'மலேசியா டிஜிட்டல்' என்று மாறிவிட்டது. இப்போது நம் ஜொகூரில், கூலாய், செடெனாக் பக்கம் டேட்டா சென்டர்கள் எழும்புகின்றன. கூடவே 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல்லும். பொந்தியான் செம்பனைக் காட்டுக்கும் அன்னாசித் தோட்டத்துக்கும் அது அதிக தூரமில்லை. எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம், கரண்டும் தண்ணியும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள்? இதை எழுத்தில் கேளுங்கள், கையெழுத்தோடு.