ஆசும் இரண்டும் அடுப்படிக்கு வந்த கதை

1672இல் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பில் வந்திறங்கினார் பவுல் ஹெர்மான். கம்பனிக்குக் கறுவாமேல்தான் கண். ஹெர்மானுக்கோ இலங்கையில் முளைத்த எல்லாவற்றின்மேலும் கண். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, செடிகொடிகளைப் பறித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டிச் சேர்த்தார். 1695இல் அவர் கண்ணை மூடினார். பிறகு அந்தத் தொகுப்பும் காணாமல் போனது.

அரை நூற்றாண்டு கழித்து அது அகப்பட்டது, டென்மார்க்கில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம்! அவர் அதைச் சுவீடனிலிருந்த கார்ல் லின்னேயசுக்கு இரவல் கொடுத்தார். அதை வைத்து 1747இல் லின்னேயஸ் ‘ஃப்ளோரா சைலானிகா’வை எழுதி முடித்தார். ஆனால் செடிகள் வருவது நிற்கவில்லை. உலகத்தின் நாலா திசையிலிருந்தும் வந்து குவிந்தன. தைத்த கொப்பியில் இரண்டு செடிகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று வந்தால் எங்கே எழுதுவது? ஓரத்தில் எழுதினார். இடையிடையே வெற்றுத்தாள் வைத்தும் பார்த்தார். எல்லாம் நிரம்பி வழிந்தன.

அறுபதை நெருங்கும் வயதில்தான் வழி பிறந்தது. கொப்பியே வேண்டாம், ஒரு செடிக்கு ஒரு துண்டுத்தாள், ஏறக்குறைய 3க்கு 5 அங்குலம். நடுவில் செருகலாம், உருவலாம், மாற்றி அடுக்கலாம். எவ்வளவு பெரிய விடுதலை! ஆனாலும் அவர் மேசையில் பிறந்தது ஊருக்குப் பரவ, ஒரு புரட்சி வெடிக்க வேண்டியிருந்தது.

1789இல் பிரான்சில் தேவாலயச் சொத்துகள் அரசுடைமையாயின. மடங்களில் கிடந்த புத்தகங்களுக்கெல்லாம் பட்டியல் தயாரிக்க 1791இல் கட்டளை பிறந்தது. அத்தனை அட்டைக்கு எங்கே போவது? கைகொடுத்தது சீட்டுக்கட்டு! அந்தக் காலத்துச் சீட்டுகளின் முதுகு வெறுமையாக இருக்கும். நீண்ட தலைப்புகளுக்கு ஆசும் இரண்டும் ஒதுக்கப்பட்டன. அவற்றில் முகப்பிலும் எழுத இடமுண்டு. கீழ் மூலையில் ஊசிநூல் கோத்துக் கட்டுக்கட்டாகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். பட்டியல் கடைசிவரை முடியவில்லை. அட்டை மட்டும் பிழைத்துக்கொண்டது.

1876இலிருந்து அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி அட்டைக்கு ஒரே அளவை வற்புறுத்தினார். நூலகத்திலிருந்து வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அது தாவியது. 1920களில் அமெரிக்காவில் ஒரு மாவு ஆலை, மரப்பெட்டியில் அட்டைகளை அடுக்கி வீடுகளுக்கு விற்றது. அவற்றில் இருந்தவை சமையல் குறிப்புகள்!

வெலிமடையில் எங்கள் வீட்டுச் சமையல் கொப்பிக்கும் லின்னேயஸ் பட்ட தொல்லைதான். உருளைக்கிழங்குப் பிரட்டலுக்கும் பால்கறிக்கும் நடுவே புதிதாக ஒன்றை எழுத இடமில்லை; தேங்காய்ப்பால் சிந்திப் பக்கங்களும் ஒட்டிப்போயின. ஒருநாள் எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதிவிட்டோம். மேலே கறியின் பெயர், இடப்பக்கம் சாமான்கள், வலப்பக்கம் செய்முறை, மூலையில் எத்தனை பேருக்கு என்ற கணக்கு. ‘முதற்பால் கடைசியில்’ என்ற வரிக்கு மட்டும் சிவப்புக் கோடு; அதில் தவறினால் பால் திரைந்துவிடும். மூலையில் துளையிட்டு நூல் கோத்த அந்தக் கட்டு, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு அட்டையும் 3க்கு 5 அங்குலம்.